உதடு சேர்ந்தால் போதும்

ஆறு வருடமாக ஒரு மருமகளுக்கு அழுது கொடுக்கிறேன். சீரியலில் நடிக்கிற பெண்ணுக்குத் தமிழ் ஒழுங்காக வராது. கண்ணீர் அவளுடையது, குரல் என்னுடையது. மாமியார் தட்டிவிடுகிற காப்பியிலிருந்து புருஷன் விடுகிற அறை வரைக்கும் அந்த மருமகளிடம் ஒரே பதில்தான்: "மன்னிச்சிடுங்க." அறை வாங்கியவள் எதற்கு மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று முதல் வருடம் கேட்டுப் பார்த்தேன். "குடும்பப் பாங்கான பொண்ணும்மா அது" என்றார் டப்பிங் இன்சார்ஜ். மேற்கொண்டு கேட்டால் நான் குடும்பப் பாங்கில்லாதவள் ஆகிவிடுவேன் போலிருந்தது. வாயை மூடிக்கொண்டேன்.

இந்த எரிச்சலை நான் வீட்டுக்குக் கொண்டுபோவதில்லை. ஆனால் இரண்டு மாதத்துக்கு முன்னால் என் தங்கை, கன்னத்தில் விரல் தடத்தோடு, ஒரே ஒரு பையோடு எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டாள். அம்மா முதல் வாரம் மாப்பிள்ளையைக் கரித்துக் கொட்டினாள். இரண்டாவது வாரமே சமாதானத்துக்கு இறங்கிவிட்டாள். 'எதிர்த்துப் பேசினதுக்கு ஒரு மன்னிப்பு கேக்கட்டும், வந்து கூட்டிட்டுப் போறேன்' என்று மாப்பிள்ளை சொல்லியனுப்பியிருந்தார். அன்றிலிருந்து ஏழரை மணிக்கு சீரியல் ஆரம்பித்தால் அம்மா டி.வி.யைப் பார்ப்பதைவிடத் தங்கையைப் பார்ப்பதுதான் அதிகம்.

"பாருடி. இவ்வளவு பட்டும் எப்படித் தணிஞ்சு போகுது அந்தப் பொண்ணு! ஒரு வார்த்தை சொன்னா நீ என்ன குறைஞ்சா போயிடுவே? உங்க அக்கா வாயாலதானே சொல்றா?"

தங்கை தட்டைக் கழுவப் போய்விடுவாள்.

இந்த நேரத்தில்தான் அந்தக் காட்சி வந்தது. புதிதாகச் சேர்ந்த வசனம் எழுதுகிற பெண் துணிந்து எழுதிவிட்டாள். புருஷன் அறைகிறான். மன்னிப்புக் கேள் என்கிறான். மருமகள் நிமிர்ந்து பார்த்து "முடியாது" என்கிறாள். ஷூட்டிங்கும் முடிந்துவிட்டது. சேதி கேட்டதும் எனக்குக் கால் தரையில் பாவவில்லை. "வெள்ளிக்கிழமை சீரியலைப் பாரு. அம்மாவையும் பக்கத்துல உக்கார வெச்சுக்கோ" என்று தங்கையிடம் சொன்னேன். ரொம்ப நாள் கழித்து அவள் சிரித்தாள்.

வியாழக்கிழமை மைக் முன்னால் போய் நின்றால், வசனத்தாளில் "முடியாது" கோடு போட்டு அடிக்கப்பட்டு, அதற்கு மேலே பேனாவில் "மன்னிச்சிடுங்க" என்று இருந்தது.

"என்ன சார் இது?" என்றேன் இன்சார்ஜிடம்.

"சேனல்ல மாத்திட்டாங்க. இப்படித் திமிராப் பேசினா வீட்டுப் பொம்பளைங்க பாக்க மாட்டாங்களாம்."

"ஸ்கிரீன்ல அவ வாய் முடியாதுன்னு சொல்லுதே!"

"மு-வுக்கும் உதடு மூடுது, ம-வுக்கும் உதடு மூடுது. உதடு சேந்தா போதும்மா. மிச்சத்தை விசும்பி மூடிடு."

தொழில்படி அவர் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. அதுதான் வயிற்றெரிச்சல். மூன்று டேக் ஓடியது. மூன்றிலும் "முடியாது" என்றே சொன்னேன். நாலாவதுக்கு ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டுக் கிளம்பினேன்.

"வேற குரல் போட்டுக்குவேன், பாத்துக்கோ!"

"தாராளமாப் போட்டுக்கோங்க."

வேலை போனால் போகட்டும். அந்த வார்த்தை வேறொருத்தி குரலில் வந்தால், சொன்னது நான் இல்லை என்று தங்கைக்குத் தெரிந்துவிடுமே. எனக்கு அது போதும் என்றிருந்தது.

வெள்ளிக்கிழமை மூன்று பேரும் டி.வி. முன்னால் உட்கார்ந்தோம். அறை விழுந்தது. மருமகள் நிமிர்ந்தாள், உதட்டைச் சேர்த்தாள்.

"மன்னிச்சிடுங்க."

என் குரல். விசும்பலோடு. நூறோ இருநூறோ எபிசோடுக்கு முன்னால் எனக்கு ஜலதோஷம் பிடித்திருந்த நாளில் பேசியது. அந்த மூக்கடைப்பை வைத்தே கண்டுபிடித்துவிட்டேன். பழையதிலிருந்து வெட்டி எடுத்து ஒட்டிவிட்டார்கள், பாவிகள்.

"கேட்டியா? உங்க அக்காவே சொல்லிட்டா." அம்மா அதற்குள் மாப்பிள்ளைக்குப் போன் போட்டுத் தங்கையின் கையில் திணித்துவிட்டாள்.

"அம்மா, அது நான் சொல்லல!"

"பின்ன உனக்குள்ள பூந்து பேய் சொல்லிச்சா?"

"அது பழசும்மா. எப்பவோ பேசினதை வெட்டிப் போட்டிருக்காங்க."

"எப்பவோ சொன்னா என்ன, நீ சொன்னதுதானே?"

சொன்னது நான்தான். ஒவ்வொரு தடவையும் காசு வாங்கிக்கொண்டு, உருகி உருகிச் சொன்னேன். போனில் மாப்பிள்ளை, "ம், சொல்லு" என்பது எங்கள் எல்லாருக்கும் கேட்டது. தங்கை போனை உள்ளங்கையால் பொத்திக்கொண்டு என் பக்கம் திரும்பினாள்.

"இதுவரைக்கும் எத்தனை தடவைக்கா சொல்லியிருப்பே?"

"கணக்கே இல்லடி."

"அதான் பாத்தேன். ஒரு தடவை சொல்லிட்டா அவங்களுக்குப் போதும் இல்ல? அப்புறம் நம்ம வாய் என்ன சொன்னாலும், அதையே எடுத்து எடுத்து ஒட்டிக்குவாங்க."

போனை அவள் காதுக்குக் கொண்டுபோகவே இல்லை. அதைக் கட் பண்ணி அம்மா மடியில் வைத்துவிட்டு எழுந்து போனாள். அம்மா தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். ஆறு வருடம் அந்த மைக் முன்னால் நின்ற எனக்கு அவள் சொன்னது ஒரு நாளாவது தோன்றியதா என்று என் மேலேயே ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.