பழைய கஞ்சாவின் நிறம்

1

முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன், பிறகு கோபித்துக்கொள்ளாதீர்கள். இந்தக் கதை மஸ்ஜித் தானா என்ற ஊரில் ஒரு கிளினிக் பெஞ்சில் பிறந்தது. எனக்குத் தூக்கம் வருவதில்லை. மருந்துக்குக் காத்திருந்தபோது கைப்பேசியில் ஒரு கட்டுரை படித்தேன். கஞ்சாவில் கேனபினால் என்று ஒரு சில்லறைச் சத்து இருக்கிறதாம். போதை ஏற்றும் பெரிய சத்து காற்றும் வெளிச்சமும் பட்டுப் பழசாகிக் கெடும்போது இது உண்டாகிறது. இதில் போதை குறைவு. தூக்கத்துக்கு உதவலாம், வலிக்கு உதவலாம், பசியைத் தூண்டலாம். கட்டுரை முழுக்க ஒரே 'லாம்'.

கெட்டுப்போனபின் மருந்தாகிற பொருள் என்றதும் எனக்கு நாக்கில் எச்சில் ஊறிவிட்டது. எழுத்தாளன் பிழைப்பு அப்படி வெட்கங்கெட்ட பிழைப்பு.

2

'அவசரகாலத்தின் கரிய மேகங்கள் மலாயாவின் மீது கவிந்த அந்த—'

(வேண்டாம். பள்ளிக்கூடக் கட்டுரை.)

'அதிகாலைப் பனியில் கித்தா மரங்களுக்கிடையே இருசம்மாள்—'

(இதுவும் வேண்டாம். எல்லாரும் அந்த ரப்பர் மரத்தடியில்தான் தொடங்குகிறார்கள்.)

நேராகவே சொல்கிறேன். ஆண்டு 1951. ரெம்பியா ஊரைத் தாண்டி உள்ளே ஒரு ரப்பர் தோட்டம். தொழிலாளர் வரிசை வீடுகளான லயங்களைச் சுற்றி முள்கம்பி போட்டாகிவிட்டது. வெள்ளைக்காரனை எதிர்த்துக் காட்டுக்குள் இருக்கிற கம்யூனிஸ்டுகளுக்கு ஒரு பிடி அரிசி போகக் கூடாது என்று, ரப்பர் மரத்தில் பால்வெட்டப் போகிறவர்களை வாசலில் தடவிப் பார்த்துத்தான் வெளியே விடுகிறார்கள்.

பால்வெட்டுக்காரி இருசம்மாளின் தம்பி வீரப்பன் காட்டுக்குள் இருக்கிறான். அவனுக்கு அவள் அரிசி கொடுத்திருக்கிறாள். தெரிந்தால் தூக்கு, இல்லாவிட்டால் ஆயுள் முழுக்கச் சிறை. அது அவள் புருஷன் இருளாண்டிக்கு மட்டும் தெரியும். சந்தேகத்தில் போலீசார் அவனைத்தான் பிடித்துக்கொண்டு போனார்கள். முதுகெலும்பு நொறுங்க அடித்தார்கள். அவன் வாயைத் திறக்கவில்லை.

திரும்பி வந்தவன் இப்போது கண்ணயர்ந்தால் போதும்.

"இருசா, அரிசி குடுக்காதடி! தம்பியா இருந்தாலும் வேணாம்டி!"

அடிக்குத் திறக்காத வாய் தூக்கத்தில் திறந்துகொள்கிறது. அவர்களுடையது லயத்தின் கடைசி வீடு, அடுத்த வீடு காலி. அதனால் இதுவரை தப்பித்தார்கள். விழித்ததும் அவள் முகத்தைப் பார்த்தே அவனுக்குப் புரிந்துவிடும்.

"மறுபடியும் கத்துனேனா?"

"இல்லீங்க. முனகுனீங்க, அவ்ளோதான்."

"பொய் சொல்லாத புள்ள. அடுத்த தடவ துண்ட வாயில வச்சு அமுக்கிடு."

அவள் அழுதாள். எனக்கும் இந்த இடத்தில் கை ஓடவில்லை.

3

அந்தக் காலி வீட்டுக்கு ஆள் வருகிறது. தோட்டக் காவலுக்கு ஸ்பெஷல் கான்ஸ்டபிளாகச் சேர்ந்த சாமிநாதன். அவனை வில்லனாக்க நான் பட்ட பாடு கொஞ்சமல்ல. மீசை வைத்துப் பார்த்தேன், குடிக்க வைத்துப் பார்த்தேன். பையன் ஒத்துழைக்கவில்லை. அவன் நல்லவன், அதுதான் தொல்லை. கேட்டதை மேலே போய்ச் சொல்லுவது தன் கடமை என்று நம்புகிற நல்லவன்.

"அக்கா, அண்ணனுக்கு ஒடம்பு எப்படி? நாளைக்கு மத்தியானம் சாமான தூக்கிட்டு வந்துர்றேன். நடுவுல ஒரு பலகதானே, ஏதும்னா ஒரு கொரல் குடுங்க லா."

இருசம்மாள் சிரித்துத் தலையாட்டினாள். அவன் போனதும் நடுப்பலகையை விரலால் தட்டிப் பார்த்தாள்.

4

கஞ்சாவைப் பற்றி அவளுக்குத் தெரிந்ததெல்லாம் அவள் அப்பனிடம் பார்த்ததுதான். பச்சையாக இருக்கிற புதுச் சரக்கு அடித்தால் ஊர்க்கதை, உறவுக்கதை எல்லாம் கொட்டுவான். பெட்டிக்குள் மறந்துபோய்ப் பழுப்பேறிய பழசு அகப்பட்டால் கட்டைபோல் கிடப்பான். ஆகவே அவளுக்கு வேண்டியது பழசு. புதுசு கொடுத்தால் குடி கெட்டது.

பழசு ஒரே இடத்தில்தான் உண்டு. கம்பிக்கு வெளியே, பால்வெட்டும் மரநிரையின் ஓரத்தில், மரத்தடி முனியாண்டிக்குச் சுருட்டோடும் சாராயத்தோடும் கஞ்சாப் பொட்டலமும் படைப்பது வழக்கம். கம்பி போட்டபின் அங்கே பூசை நின்றுபோனது. சூலத்தின் கீழே ஒரு தகரடப்பாவில் கடைசிப் படையல் அப்படியே கிடக்கிறது.

மறுநாள் காலை வெட்டுக்குப் போனவள், "சாமி, ஓங்கிட்டயே கை வைக்கிறேன், கண்ண நோண்டிராத" என்று டப்பாவுக்குள் கைவிட்டாள். பின்னால் வேலையை மேற்பார்க்கிற தண்டல் வரும் சத்தம். கைக்கு வந்த பொட்டலத்தைக் கொண்டைக்குள் செருகிக்கொண்டாள்.

(இங்கே ஒரு பக்கம் கிழிக்கப்பட்டது. வாசல் சோதனை, துப்பாக்கி, அவிழப்போகும் கொண்டை என்று அமர்க்களமாக எழுதியிருந்தேன். அப்புறம்தான் உறைத்தது. வெளியே போகிற அரிசியைத்தான் தேடுகிறார்கள். உள்ளே வருகிறவளின் கொண்டையை யார் பார்க்கப் போகிறார்கள்? அவள் பேசாமல் நடந்து வந்துவிட்டாள்.)

வாசனை வெளியே போகாமலிருக்க ஜன்னல், கதவு எல்லாவற்றையும் சாத்தினாள். இருட்டுக்குள்ளேயே பொட்டலத்தைப் பிரித்துப் பாலில் போட்டுக் கொதிக்கவிட்டு, வடிகட்டிக் கொடுத்தாள். வலிக்கு ஏதோ என்று நினைத்து அவனும் மடமடவென்று குடித்துப் படுத்தான்.

5

இனி வருகிறவனை எழுதியிருக்கவே கூடாது. ஆனால் முனியாண்டி என்று ஒரு சாமியை வைத்தால் காளிமுத்து என்று ஒரு பக்தன் வரத்தான் செய்வான். இருளாண்டி படுத்ததும் தண்ணீர் பிடிக்கப் போனவளைப் பொதுக்குழாயில் பார்த்தவன், யாருக்கும் கேட்காமல் குனிந்து சொன்னான்.

"தங்கச்சி, சாமி பட்டினியா கெடக்குதேன்னு மனசு கேக்கல. போன வெள்ளிக்கெழம வெட்டுக்குப் போனப்ப புதுப் பொட்டலம் ஒண்ணு வச்சிட்டு வந்துட்டேன்."

"பழச... என்னாண்ணே பண்ணுனீங்க?"

"சாமி பொருள எப்படி எறியுறது? அதும் பக்கத்துலயே இருக்கு."

வாளி நிரம்பி வழிந்தது. அவள் அதை அப்படியே விட்டுவிட்டு ஓடினாள்.

6

முடிவு அ: அவள் எடுத்தது பழசு. இருளாண்டி தூங்குகிறான். தூங்குகிறான்.*

முடிவு ஆ: அவள் எடுத்தது புதுசு. இருளாண்டி பேசப்போகிறான். அந்தப்—

(இதை என்னால் எழுத முடியவில்லை.)

* எழுத ஆசைதான். ஆனால் அது பழசாகவே இருந்தாலும், கட்டுரை சொன்னது 'உதவலாம்' என்றுதான். ஆதாரம் போதாது என்றும் சொன்னது. ஒரு பெண்ணின் கழுத்தை ஒரு 'லாம்' மீது வைத்துவிட்டு நான் எப்படிப் படுத்துத் தூங்குவது?

ஆக, நான் விட்டுப்போகிற இடம் இதுதான். பலகைக்கு அந்தப் பக்கம் சாமிநாதன் தன் பெட்டியை இறக்கி வைக்கிறான். ஏதோ பாட்டை முணுமுணுக்கிறான். இந்தப் பக்கம் இருளாண்டியின் கண் செருகிவிட்டது, உதடுகள் அசைகின்றன. இருசம்மாள் அடுப்படியில் வடிகட்டிய சக்கையை விரலால் கிளறி, ஜன்னலை ஒரு விரற்கடை திறந்து வெளிச்சத்தில் பார்க்கிறாள். அது (          ) நிறத்தில் இருந்தது.

அந்த இடத்தை நீங்கள் நிரப்புங்கள். பழுப்பு என்று எழுதுவீர்கள், நல்லவர்கள். எழுதுங்கள். ஆனால் எழுதும்போது ஒன்றைப் பார்த்துக்கொள்ளுங்கள். அவளுடைய இடது கை ஏற்கெனவே கொடியிலிருந்து துண்டை எடுத்துவிட்டது.