மணி அடிக்காத காலைகள்

ஞாயிறு பிற்பகலில் தேவாலயத்திலிருந்து ஒரு கூட்டமே நல்ல உடுப்போடு நர்ஸின் வீட்டு வாசலில் வந்து நின்றது. பாதித் தூக்கத்தில் கதவைத் திறந்தவளுக்கு அவர்கள் தண்ணீருக்கடியில் நிற்பவர்கள்போல லேசாக அசைந்து தெரிந்தார்கள். இரவுப் பணி பார்க்கிறவர்களுக்குப் பகலே ஒரு அரைக் கனவுதான். யார் வந்தார்கள், யார் வந்ததாகக் கண்டோம் என்று பிரித்துச் சொல்வது கஷ்டம். முன்னால் பாதர் நின்றார். பின்னால் பாடகர் குழுவின் பருத்த அம்மாள், யாரும் எதுவும் சொல்வதற்கு முன்பே கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"காய்ச்சல் பரவினப்போ ராத்திரி டியூட்டி முடிச்சிட்டு, தூங்காம, எங்க வீடு வீடா வந்து பாத்தீங்க. நீங்க எங்க சபைகூட இல்ல," என்றார் பாதர். "என்ன செய்யலாம்னு எல்லாரும் உக்காந்து யோசிச்சோம். சால்வையை வச்சு நீங்க என்ன பண்ணப் போறீங்க? உங்களுக்குத் தேவை தூக்கம். நாளையிலேருந்து காலை மணி அடிக்க மாட்டோம்."

குடிவந்த புதிதில், பகல் டியூட்டி பார்த்த நாட்களில், தூக்கம் கலைந்த எரிச்சலில் அவள் தேவாலய மதிலுக்கு மேல் எட்டி அந்த மணியைக் கன்னாபின்னாவென்று திட்டியதை யாரோ மறக்காமல் வைத்திருந்திருக்கிறார்கள். தனக்கு என்ன வேண்டும் என்று இத்தனை பேர் கூடி உட்கார்ந்து யோசித்தது அவள் வாழ்க்கையில் இதுதான் முதல் தடவை. தலையை ஆட்டிவைத்தாள். உள்ளே ஜன்னலோரம் படுத்திருந்த கணவர் அந்த நிமிஷத்தில் அவள் நினைவுக்கே வரவில்லை.

பக்கவாதம் வந்து எல்லாம் போனபிறகு அவரிடம் மிஞ்சியது ஒரே ஒரு சொல். காலையில் அவள் கேட்டைத் திறப்பதும் மணி அடிப்பதும் எப்போதும் சரியாக இருக்கும். சத்தம் கேட்டதும் அவர் முகம் தெளியும். "வந்துட்டியா" என்பார். பஸ் சீக்கிரம் வந்துவிட்ட நாட்களில் அவள் அவருக்கு முன்னாலேயே நின்றிருக்கிறாள். மணி அடிக்கும்வரை அவரைப் பொறுத்தவரை அவள் வரவில்லை.

திங்கட்கிழமை அவள் வந்தபோது திரைச்சீலையின் பூக்கள் தரையில் நிழலாக விழுந்து மிதந்துகொண்டிருந்தன. தெரு முழுக்க ஒரே நிசப்தம். அவர் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார். அவள் குனிந்து கன்னத்தைத் தொட்டாள். அவர் தலையை மெல்லச் சாய்த்தார். மறைத்துக்கொண்டு நிற்கிற யாரோ ஒருத்தியைத் தாண்டிப் பார்ப்பதற்காக.

மறுநாளும் அப்படித்தான். அதற்கடுத்த நாள் அவள் கையால் ஊட்டியதை வாங்காமல் உதட்டை இறுக்கிக்கொண்டார். தெருவோ அவளுக்காக நுனிக்காலில் நடந்தது. பால்காரர் சைக்கிளை இறங்கித் தள்ளிக்கொண்டு போனார். தையல்கடைக்காரர் நேரம் தெரியாமல் தூங்கி, வாடிக்கையாளரிடம் வாங்கிக்கட்டிக்கொண்டு, அதற்கும் நர்ஸைப் பார்த்துச் சிரித்தார். அந்தச் சிரிப்பைப் பார்த்தபிறகு எப்படி வாயைத் திறப்பது?

"சொல்லிட்டு வாங்களேன் அண்ணி, வாயில என்ன கொழுக்கட்டையா?" என்றாள் இரவில் அவருக்குத் துணையிருக்கும் நாத்தனார்.

"எவ்வளவு ஆசையா செஞ்சிருக்காங்க. வேணாம்னா மூஞ்சில அடிச்ச மாதிரி ஆயிடாதா?"

"நல்லா இருக்கு கதை. அவங்க மூஞ்சி வாடாம இருக்கட்டும், எங்கண்ணன் வாசலையே பாத்துக் கெடக்கட்டும்."

நாத்தனார் சொன்னது சுருக்கென்று தைத்தது. அன்று இரவு வார்டில் யாருக்கு எந்த மருந்து என்பதை ஒவ்வொரு தடவையும் ரெண்டு தரம் பார்த்துத்தான் கொடுத்தாள். பயமாக இருந்தது. நாளாக நாளாக அந்த ஒரு சொல்லும் அவரை விட்டுப் போய்விட்டால்?

காலையில் பஸ்ஸிலிருந்து இறங்கியவள் வீட்டுக்குப் போகாமல் தேவாலயத்தின் பக்கக் கதவைத் தள்ளினாள். இத்தனை வருஷத்தில் உள்ளே வந்ததில்லை. வண்ணக் கண்ணாடி வழியாக நீலமும் சிவப்புமாக வெளிச்சம் பெஞ்சுகளின்மேல் கிடந்தது. கோபுரத்துக்கு அடியில், தொங்கும் கயிற்றுக்குப் பக்கத்தில், மணியடிக்கும் பெரியவர் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வேலை இல்லாவிட்டாலும் நேரத்துக்கு வந்துவிடுகிறார்போல.

"என்னம்மா, தூங்கலையா?"

"அண்ணே, மணியை அடிங்க."

"அய்யோ, உங்களுக்காகத்தானே நிறுத்தினோம்."

"தெரியும். எனக்காகத்தான் அடிக்கச் சொல்றேன். மணி கேட்டாதான் அவருக்கு நான் வந்துட்டேன்னு தெரியும். வேற எதுவும் அவருக்குத் தெரியாது." அதற்குமேல் பேச முடியாமல் அழுதாள். "பாதர்கிட்ட நான் சொல்லிக்கறேன்."

பெரியவர் சட்டென்று எழுந்து, அடக்கிவைத்திருந்த ஆசையெல்லாம் சேர்த்துக் கயிற்றைப் பிடித்துத் தொங்கினார்.

முதல் சத்தம் தலைக்குமேல் விழுந்தபோது அவளுக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. அப்புறம்தான் உறைத்தது. இந்நேரம் அவர் கேட்டிருப்பார். கேட்டு, முகம் தெளிந்து, வாசலைப் பார்த்திருப்பார். வாசலில் யாரும் இல்லை.

ஓடினாள். செருப்பு ஒன்று படியிலேயே கழன்றுவிட்டது. ஜன்னல்கள் ஒவ்வொன்றாகத் திறந்தன. தையல்கடைக்காரர் பல்துலக்கும் பிரஷ்ஷோடு வெளியே வந்து பார்த்தார். பெரியவருக்கு வயசாகிவிட்டது, மணியின் இழுப்பு தளர்ந்துகொண்டே வருவது சத்தத்திலேயே தெரிந்தது. வீடு இன்னும் மதிலைச் சுற்றி அந்தப் பக்கம் இருந்தது. வெள்ளை உடுப்பும் ஒற்றைச் செருப்புமாக, கேட்கிறதோ இல்லையோ, தெருவெல்லாம் பார்க்க அவள் கத்திக்கொண்டே ஓடினாள்.

"வந்துட்டேங்க... இதோ, வந்துட்டேன்."