கருவாட்டுத் தண்ணீர்

பசியாவரம் தீவில் யார் வீட்டுச் செடி வாடினாலும் லோகநாயகியைத்தான் கூப்பிடுவார்கள். கூப்பிடாவிட்டாலும் போய் நிற்பாள், அது வேறு கதை. மீன் குடலையும் வெல்லத்தையும் சம அளவு டப்பாவில் அடைத்து, மூன்று வாரம் ஊற வைத்து வடிகட்டினால் உரம். ஒரு குடம் தண்ணீருக்கு ஒரு மூடி போதும். கடையில் உரம் வாங்குகிறவர்களைக் கண்டால் அவளுக்குச் சிரிப்பு வரும். அவள் வீட்டுக் கத்திரி காய்த்துத் தள்ளியதால் அந்தச் சிரிப்பை ஊரும் பொறுத்துக்கொண்டது.

பக்கத்து வீட்டுச் செல்வம்மாளிடம் ஓர் எலுமிச்சை இருந்தது. தீவு மண் உப்பு மண், எலுமிச்சைக்கு ஆகாது. அதனால் ஒரு நீல டிரம்மைப் பாதியாக அறுத்து, காட்டூரிலிருந்து வயல் மண்ணைப் பை பையாகப் படகில் ஏற்றி வந்து நிரப்பியிருந்தாள். அரிசி கழுவிய தண்ணீரும் முட்டை ஓடும்தான் அதற்குச் சாப்பாடு. மூன்று வருடம் கழித்து இந்தப் பங்குனியில்தான் முதல் பூ விட்டது. மகள் பூவிழியின் பிரசவத்துக்காகப் பொன்னேரிக்குக் கிளம்பியவள், படகில் கால் வைக்கும் வரை அதைப் பற்றியே பேசினாள்.

"லோகா, தண்ணி மட்டும் ஊத்து. வேற ஒண்ணியும் செய்யாத, இன்னா?"

தண்ணீர் மட்டும் ஊற்றுவதற்கு லோகநாயகி எதற்கு? அக்கா திரும்பும்போது மரம் பூவும் பிஞ்சுமாய் நிற்க வேண்டும் என்று ஆசைப்பட்டாள். ஆசை நல்ல ஆசைதான். ஆனால் உர டப்பா காலி, புதிதாய்ப் போட்டால் மூன்று வாரம் ஆகும். பரணில் கருவாட்டுத் தலைகள் கிடந்தன. இதுவும் மீன்தானே என்று ஊறப் போட்டு, அந்தத் தண்ணீரை ஊற்றினாள். ஒரு நாளல்ல, பன்னிரண்டு நாள். பிறந்ததிலிருந்து கருவாட்டோடு வாழ்ந்தவளுக்கு அதில் இருக்கும் உப்பு நினைவுக்கே வரவில்லை.

இலை ஓரம் கருகியபோது, சத்து போதவில்லை என்று இன்னும் இரண்டு தலையைச் சேர்த்தாள். பூவெல்லாம் கொட்டிய அன்றுதான் அந்தத் தண்ணீரில் விரலை நனைத்து நாக்கில் வைத்தாள். அப்புறம் குடம் குடமாய் நல்ல தண்ணீர் ஊற்றி என்ன பயன்?

பேரன் பிறந்த சந்தோஷத்தோடு வந்த செல்வம்மாள், மொட்டைக் குச்சியைத் தடவித் தடவிப் பார்த்தாள். பிறகு அவளேதான் ஆறுதல் சொன்னாள்.

"வெயிலு. நீ இன்னா பண்ணுவ பாவம். தெனம் வந்து ஊத்துனியே, அதுவே பெருசு."

லோகநாயகிக்கு அது செருப்படியை விட வலித்தது. சொல்லிவிட வாயெடுத்தாள், ஆனால் பேரன் யார் ஜாடை என்றுதான் கேட்டாள். அந்தக் கோழைத்தனத்துக்காக அன்றெல்லாம் தன்னையே திட்டிக்கொண்டாள்.

மறுநாள் செல்வம்மாள் டிரம்மைச் சாய்த்தாள்.

"மண்ணு நல்ல மண்ணு. எதிர் வூட்டு பிலோமினா தக்காளி வெக்கக் கேட்டுனு இருந்தா, குடுத்துடறேன்."

"குடுக்காதக்கா! அது முழுக்க உப்பு. நாந்தான்... கருவாட்டுத் தண்ணிய ஊத்திட்டேன்."

செல்வம்மாள் கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவள் கத்தவில்லை.

"கைல போன் இருந்துச்சே லோகா. ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே."

"காட்டூருக்குப் போய் நானே மண்ணு கொண்டாரேங்க்கா. கன்னும் வாங்கியாரேன்."

"மண்ணு கொண்டாருவ. மூணு வருசத்த எங்கேர்ந்து கொண்டாருவ?"

சிதறிய மண்ணைச் செல்வம்மாள் பெருக்க ஆரம்பித்தாள். லோகநாயகி துடைப்பத்துக்குக் கை நீட்டினாள். அவள் கொடுக்கவில்லை.