பெயர் கேட்டுப் படர்ந்த பூசணம்

தம்தினின் கூடாரத்தில் பிடித்த பூசணம் ஆள் பெயரைக் கேட்டுத்தான் படர்ந்தது. மங்கோலியத் தலைநகர் உலான்பாத்தரின் வடக்கு மேட்டில் யாரிடம் விசாரித்தாலும், நிலக்கரி விலை ஏறியதைச் சொல்கிற அதே குரலில் இதைச் சொல்வார்கள். முதலில் அது மேற்குப் பக்கம், தம்தினின் கட்டிலுக்குப் பின்னாலிருந்த கம்பளிச் சுவரில் வந்தது. ஒரு ஆள் ஒருக்களித்துப் படுத்திருக்கிற வடிவம், சாம்பல் நிறம், அவன் கழற்றச் சோம்பல்படுகிற பூட்ஸ் உட்பட. அடுத்து கிழக்குப் பக்கம் அவன் மனைவி தெஜித்தின் வடிவம் வந்தது. நாளெல்லாம் "தெஜித், தேநீர்", "தெஜித், கதவைச் சாத்து" என்று அவன் கூப்பிட்டுக்கொண்டிருந்தால் வராமல் என்ன செய்யும்? ஊரிலிருந்து வந்து தங்கிய மச்சான் ஒருவன், போனில் தன் பெயரை நாலு வீட்டுக்குக் கேட்கும்படி கத்தினான். விடிந்து பார்த்தால் அவன் படுத்த இடத்துக்குப் பின்னால், தொந்தியோடு ஒரு வடிவம் இருந்தது. அவன் தேநீர்கூடக் குடிக்காமல் பேருந்தைப் பிடித்தான். வடிவம் வந்தவர்களுக்கெல்லாம் இருமலும் வந்தது. பெரியவர்கள் அதைத் தாங்கிக்கொண்டார்கள்.

தப்பு தம்தினுடையதுதான், ஆனால் அந்த மேட்டில் எல்லாரும் செய்த தப்பு. ஆடுகள் நின்றபடியே உறைந்துபோன குளிர்காலத்துக்குப் பிறகு நகரத்துக்கு வந்தவர்கள் அவர்கள். புல்வெளியில் இருந்தவரை பருவத்துக்கொரு முறை கூடாரத்தை அவிழ்த்து, வண்டியில் ஏற்றி, வேறு இடத்தில் கட்டுவார்கள். ஒவ்வொரு முறையும் கம்பளிக்கு வெயிலும் காற்றும் கிடைக்கும். மேட்டுக்கு வந்ததும் சுற்றிப் பலகை வேலி அடித்து, கூடாரத்தை ஒரே இடத்தில் நட்டுவிட்டார்கள், ஏதோ மரம் நடுகிற மாதிரி. முதல் கோடையில் மழை ஒழுகியது. தம்தின் எல்லாரையும் போல கம்பளிக்கும் மேல்துணிக்கும் நடுவே பிளாஸ்டிக் தாளைச் சுற்றினான். வெளி மழை உள்ளே வரவில்லை. இறைச்சி வேகும் ஆவி, துவைத்த துணியின் ஈரம், மூன்று பேர் விடுகிற மூச்சு, இவையும் வெளியே போகவில்லை. இரவெல்லாம் அது கூரைக் கழிகளில் உறைந்து, காலையில் அடுப்பு மூட்டியதும் சொட்டுச் சொட்டாகத் தலையில் விழுந்தது. தெஜித் வினிகர் போட்டுத் துடைத்தாள், சாம்பல் பூசினாள், ஜூனிப்பர் தழையைக் கொளுத்திப் புகை காட்டினாள். கம்பளியைப் பிரித்துக் காயப்போடலாம் என்று ஒரு ஓரத்தை இழுத்தபோது, அது ஊறிய ரொட்டி மாதிரி கையோடு வந்தது. புதுக் கம்பளிக்கு ஆட்டு மயிர் வேண்டும், ஆடுகளோ புல்வெளியில் எலும்பாகக் கிடந்தன. அன்று அவள் உட்கார்ந்து அழுதாள்.

வடக்குச் சுவர் மட்டும் பால் வெள்ளையாக இருந்தது. அங்கேதான் மகள் படுத்தாள். அவள் பெயர் எனெபிஷ், அதாவது 'இது இல்லை'. அவளுக்கு முன் பிறந்த இரண்டு குழந்தைகளும் தொட்டிலிலேயே போய்விட்டதால், வருகிற கெட்டதை ஏமாற்ற வைத்த பெயர். மேட்டில் அப்படிப் பெயர் கொண்ட பிள்ளைகள் நிறைய உண்டு. பக்கத்து வேலிக்காரி நோர்ஜின், தண்ணீர் பிடிக்கிற வரிசையில் நின்றுகொண்டு தெஜித்திடம் விஷயத்தை உடைத்துச் சொன்னாள்.

"அது பாட்டுக்கு வந்து யாருன்னு கேக்குது. நீங்க 'இது இல்ல, இது இல்ல'ன்னு நாள் பூராக் கூப்பிடுறீங்க. சரி, இது இல்ல போலன்னு திரும்பிப் போயிடுது. உம் புருஷனுக்கும் அப்படி ஒரு பேர வச்சிருக்கலாம், இருமுற சத்தத்துல எங்க வீட்டு நாயே தூங்க மாட்டேங்குது."

தெஜித் சிரித்தாள். மகளுக்கு அவள் மனசுக்குள் இன்னொரு பெயர் வைத்திருந்தாள். சொலோங்கோ, வானவில். பிறந்த அன்றே வைத்தது. தலை பின்னிவிடும்போது வாய்க்குள்ளேயே சொல்லிக்கொள்வாள், உதடு அசையாது. புருஷனுக்குக்கூடத் தெரியாது.

எனெபிஷுக்கு ஆறு வயதான குளிர்காலத்தில் ஊர் முழுக்கக் கரிப்புகை இறங்கி நின்றது. குழந்தைக்கு நெஞ்சில் சளி கட்டியது. ஓதம் இல்லாத வீட்டுக்குப் போங்கள் என்றார் மருத்துவர், அப்படி ஒரு வீடு இவர்களுக்காகக் காலியாக இருப்பது போல. ஒரு காலை, அடுப்பு பற்றிக் கூரை சொட்டத் தொடங்கிய நேரம், குழந்தை இருமி இருமி மூச்சு நின்று முகம் நீலமானது. தெஜித் அவளை உலுக்கினாள். கத்தியபோது வாயில் வந்தது உள்ளே இருந்த பெயர்.

"சொலோங்கோ!"

குழந்தை மூச்சை இழுத்தது. பிழைத்துக்கொண்டது. ஆனால் மத்தியானத்துக்குள் வடக்குச் சுவரில் தேநீர்க் கிண்ணம் அளவுக்கு ஒரு சாம்பல் வட்டம் வந்தது. அந்த வாரம் முடிவதற்குள் அதற்கு இரண்டு பின்னல்களும் முளைத்துவிட்டன. தன் வாயாலேயே பிள்ளையைக் காட்டிக்கொடுத்துவிட்டோம் என்று தெஜித்துக்குச் சோறு இறங்கவில்லை. குழந்தையின் நெஞ்சு, காற்றுப் போன துருத்தி மாதிரி கரகரத்தது.

சொன்ன பெயரைத் திரும்ப வாங்க முடியாது, வேறு ஆளுக்குக் கொடுக்கலாம் என்று தெஜித் முடிவு செய்தாள். இனிமேல் என்னை சொலோங்கோ என்றுதான் கூப்பிட வேண்டும் என்று புருஷனிடம் சொன்னாள். ஏற்கெனவே ஒரு பங்கு உனக்கு இருக்கிறதே, இரண்டைத் தாங்குவாயா என்று அவன் கேட்டான். அவள் குழந்தையின் போர்வையை இழுத்துவிட்டாள். அவன் வெளியே போய் வேலியைப் பிடித்துக்கொண்டு நெடுநேரம் நின்றான், பிறகு உள்ளே வந்து, "சொலோங்கோ, தேநீர் குடு" என்றான். தண்ணீர் வரிசையிலும் கரிக்கடையிலும் நோர்ஜின் சொல்லி வைத்தாள். மேடே அவளை அப்படிக் கூப்பிட்டது. பூசணம் வடக்குச் சுவரை விட்டுக் கிளம்பி, பாதி வழியில் நின்றது. காலையில் கிழக்கே நகரும், சாயங்காலம் வடக்கே திரும்பும். எனெபிஷ் "அம்மா" என்று கூப்பிடுகிற ஒவ்வொரு தடவையும், இவள் பெயர் அம்மாவா சொலோங்கோவா என்று அதற்குச் சந்தேகம் வந்தது.

தெஜித் மகளை மடியில் உட்காரவைத்துக்கொண்டாள்.

"நீயும் என்னைப் பேர் சொல்லித்தான் கூப்பிடணும், கண்ணு."

பெற்றவர்கள் பெயரைப் பிள்ளைகள் வாயால் சொல்வது அங்கே நினைக்கவே கூடாத காரியம். எனெபிஷ் முன்பு விளையாட்டாக ஒரு தடவை சொல்லி அடி வாங்கியிருக்கிறாள்.

"பெத்தவங்க பேரச் சொன்னா பாவம்னு நீதானே அடிச்ச?"

"அது என் பேரு இல்லடி. உன் பேரு. உன் பேர நீ சொல்லிக்கிட்டா ஒரு பாவமும் இல்ல."

"அப்ப அம்மான்னு யாரக் கூப்பிடுறது?"

"யாரையும் கூப்பிடாத."

குழந்தை இருமி முடித்து, சுவரைப் பார்த்துக்கொண்டே அந்தப் பெயரைச் சொன்னாள். பூசணம் அன்றே வலஞ்சுழியாக, சாமிப் பெட்டிக்குப் பின்னால் புகுந்து, கிழக்குச் சுவருக்கு வந்து சேர்ந்தது. அங்கே ஏற்கெனவே இருந்த பெண்ணின் மேல், பின்னல் போட்ட ஒரு சின்னப் பெண் ஏறிப் படுத்தாள்.

வடக்குச் சுவர் மறுபடி வெளுத்தது. எனெபிஷ் வளர்ந்தாள், பள்ளிக்குப் போனாள், ஓட்டப் பந்தயத்தில் ஜெயித்தாள். வேலிக் கதவைத் திறக்கும்போதே "சொலோங்கோ, பசிக்குது" என்பாள். இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு மரியாதை ஏது என்று புதிதாகக் குடிவந்தவர்கள் முகம் சுளிப்பார்கள். தெஜித்தின் நகங்கள் சாம்பலாகின, பிறகு தலைமுடி, பிறகு குரல். இரண்டு பேருடைய ஓதம் ஒரு நெஞ்சில் இருந்தது. மகள் பள்ளியை முடித்த வருஷத்து வசந்தத்தில் அவள் செத்துப்போனாள். சாவுச் சடங்குக்கு வந்த லாமா பெயர் கேட்டபோது, பூசணத்துக்குத் தெரிந்துவிடக் கூடாதே என்ற பயத்தில் தம்தின் சொலோங்கோ என்றான். மந்திரமெல்லாம் அந்தப் பெயருக்கே ஓதப்பட்டது. எனெபிஷ் பக்கத்தில் நின்று தன் பெயருக்கான சாவு மந்திரத்தைக் கேட்டாள்.

எல்லாரும் போன பிறகு கிழக்குச் சுவர் சுத்தமாக இருந்தது. உடம்போடு அதுவும் போய்விட்டது. எனெபிஷ் அந்த வெறும் கம்பளிக்கு முன்னால் உட்கார்ந்து, இத்தனை வருஷமாகச் சொல்லாததை ஒரே ஒரு தடவை வாய்விட்டுச் சொன்னாள்.

"அம்மா."

மறுநாள் காலை, கொடுத்த பெயர் திரும்பி வந்த மாதிரி, வடக்குச் சுவரில், அவள் படுக்கைக்குப் பின்னால், தேநீர்க் கிண்ணம் அளவுக்கு ஒரு சாம்பல் வட்டம் இருந்தது. தம்தின் வினிகர்த் துணியை எடுத்துக்கொண்டு ஓடி வந்தான். எனெபிஷ் அவன் கையிலிருந்து துணியை வாங்கிக் கொடியில் போட்டாள். பிறகு மறுபக்கம் கிடந்த தன் தலையணையை எடுத்து, வட்டம் இருந்த பக்கமாக நகர்த்திப் போட்டுக்கொண்டாள்.