விடாத பிடி

தையற்கடைக்காரியின் இடது முழங்கால் வீங்கியது, கணவர் இறந்த மூன்றாம் மாதம். எங்கும் விழவில்லை, இடித்துக்கொள்ளவும் இல்லை. காலையில் எழுந்தபோது முட்டி உப்பிப்போய்க் கிடந்தது. தொட்டால் சுட்டது. மெஷினை மிதிக்க முடியவில்லை.

எக்ஸ்ரேயில் எலும்பு நன்றாக இருந்தது. யூரிக் அமிலமும் சரி, வாதத்துக்கான ரத்தப் பரிசோதனையும் சரி. ஒரு மருத்துவர் தேய்மானம் என்றார், இன்னொருவர் உடம்பைக் குறைக்கச் சொன்னார். ஊசி போட்டு நீரை உறிஞ்சி எடுத்தார்கள். பத்தே நாளில் மறுபடி கோத்துக்கொண்டது.

காரணம் அவளுக்குத் தெரியும் என்றுதான் நினைத்திருந்தாள். முதலில் ஒரு சூடு வரும். அப்புறம் ஐந்து விரல்கள் முட்டியைக் கவ்விப் பிடிக்கும். அது அவருடைய பிடி. கடையில் ஆளில்லாத வேளையில் குனிந்து, "போதுங்க, விட்டுடுங்க" என்று கெஞ்சுவாள்.

ஒருநாள் கணவரின் தங்கை அதைக் கேட்டபடியே உள்ளே வந்தாள்.

"யார்கிட்ட அண்ணி பேசுறீங்க?"

"மெஷின்கிட்ட. நூல் சிக்குது."

நாத்தனாரா நம்புவாள்? மறுநாளே கையோடு வேறொரு மருத்துவரிடம் இழுத்துப்போனாள். அந்த அம்மா ரிப்போர்ட்டுகளைப் பொறுமையாகப் படித்தார், முட்டியை அழுத்திப் பார்த்தார்.

"முள்ளு மேல எப்பவாவது மண்டி போட்டீங்களா?"

அவளுக்கு முகம் வெளிறிவிட்டது. நாத்தனார் பக்கம் திரும்பாமலே சொன்னாள்.

"அவர் காகிதப்பூக் கொடியை வெட்டிக்கிட்டிருந்தார். நான்தான் ஏணியைப் பிடிச்சிருந்தேன். உள்ள ஃபோன் அடிச்சுது, விட்டுட்டுப் போயிட்டேன். வந்து பார்த்தா கீழ கிடக்கிறார். வெட்டின கொடி மேலயே மண்டி போட்டேன். அவர் என் முட்டியைப் பிடிச்சார். உயிர் போற வரைக்கும் விடல."

முள்நுனி மூட்டுக்குள் ஒடிந்து தங்கியிருக்கலாம், எக்ஸ்ரேயில் அது தெரியாது என்றார் மருத்துவர். ஸ்கேனில் தெரிந்தது. கீறி எடுத்தார்கள், அரை நகம் நீளம்கூட இல்லை.

வீக்கம் வடிந்தது. மாடிப்படி ஏறினாள், மெஷினை மிதித்தாள். முன்பு சூடு வந்த நேரத்துக்கு மட்டும் கை தானாக முட்டிக்குப் போகும். அங்கே யாரும் இல்லை. அந்தக் குளிர்ந்த தோலைத் தடவிவிட்டு மறுபடி மெஷினை மிதிப்பாள்.

நாத்தனார் ஒரு மாதம் எட்டிப்பார்க்கவில்லை. பிறகு ஒரு மத்தியானம் வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்றாள். ஆளே பாதியாகியிருந்தாள்.

"அன்னிக்கு ஃபோன் பண்ணது நான்தானே அண்ணி?"

கத்தரி கையிலேயே நின்றது. பொய் சொல்ல வாயெடுத்தாள். வரவில்லை.

"ஆமா."

"இத்தனை நாளா ஏன் சொல்லல?"

"ஒருத்தி தூங்காம இருக்கிறது போதும்னு நினைச்சேன்."

நாத்தனார் கட்டிங் மேஜையில் தலையைச் சாய்த்துக் குலுங்கினாள். இவள் கடைக் கதவைச் சாத்திவிட்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.