தலைக்கவசமும் மாம்பழ நிறச் சேலையும்

2003ஆம் ஆண்டு. ஆரப்பாளையத்து லாட்ஜ் ஒன்றின் மாடியறையில் என் கணவர் விஜய்ஆனந்த் நான்கு ஆண்டுகளாக ஒரு தலைக்கவசத்தைச் செய்துவந்தார். அதை அணிந்துகொண்டால் கண்முன்னே ஒரு சேலைக்கடை விரியும். தலை திரும்பும் பக்கமெல்லாம் அலமாரிகள் தெரியும். அணிபவருக்குச் சொல்லாமல் எந்தக் கருவியும் அவரைக் கவனிக்கலாகாது என்று சிற்றிதழ் ஒன்றில் அவரே எழுதியுமிருந்தார். முப்பது பேராவது படித்திருக்கக்கூடும்.

ஜவுளிக்கடை ஜலீல் அவர்கள் ஐந்து கவசங்கள் வாங்க முன்வந்தார், ஒரு நிபந்தனையோடு.

“அண்ணே, யாரு எந்தச் சேலைய ரொம்ப நேரம் பாக்குறாங்கன்னு எனக்கு மட்டும் தெரியணும்.”

“அவங்ககிட்ட சொல்லிட்டுத்தான் மாட்டுவேன், பாய்.”

“சொன்னா எவண்ணே மாட்டுவா?”

இந்த விற்பனை நடவாவிட்டால் அறையைக் காலிசெய்துவிட்டு, சோழவந்தானில் கம்ப்யூட்டர் வகுப்பெடுக்கப் போவதாக என் கணவர் எனக்கு வாக்களித்திருந்தார். நான்காண்டு உழைப்பு வீணாகக்கூடாதே என்று, ஒத்துக்கொள்ளும்படி மெல்ல அவர் முழங்கையைக் கிள்ளினேன். பயனில்லை.

“சரி, எங்கம்மாவ வச்சுச் சோதிப்போம். பெருநாளைக்கு அவங்களுக்கும் சேலை எடுக்கணும்” என்றார் ஜலீல்.

மறுநாள் அவருடைய தாயார் அஜ்மல் பீவி மாடியேறி வந்து பிளாஸ்டிக் நாற்காலியில் அமர்ந்தார்.

“அம்மா, நீங்க பாக்குற பக்கத்த இந்த மிஷின் எழுதிக்கும். உங்க மகன் படிப்பாரு. சம்மதமா?”

“எழுதட்டும் தம்பி. எனக்கென்ன!”

கவசத்தை மாட்டிப் பத்து நிமிடங்கள் கழிந்தன. கருவி எழுதிய கணக்கில் பச்சைச் சேலைக்கு ஆறு நிமிடம். மாம்பழ நிறத்துக்கு அரை நிமிடம்கூட இல்லை.

“பாத்தீங்களாண்ணே!” ஜலீல் செல்போனை எடுத்தார். “பச்சைய எடுத்து வைக்கச் சொல்றேன்.”

“பச்சையா? யாருக்குடா?”

“நீங்கதானம்மா அம்புட்டு நேரம் பாத்தீங்க!”

“ஜவுளி விக்கிறவனுக்கு இதுகூடத் தெரியலையே! புடிச்சதையே பாத்துக்கிட்டிருந்தா வெலை எறங்குமா? எனக்கு மாம்பழக் கலருதான்.”

“மகன் கடையிலயுமா வெலை பேசுவீங்க?”

“நாப்பது வருசப் பழக்கம். கடைன்னா கண்ணு தானா அடுத்ததுக்குப் போயிருது.”

“அப்ப எங்க கடைக்கு வர்ற பொம்பளைங்க?”

“எல்லாவளும் அப்படித்தான்டா.”

ஜலீல் செல்போனைச் சட்டைப்பைக்குள் வைத்தார். “அந்த எழுதுற வேலைய எடுத்துருங்கண்ணே. அதை நம்பிச் சரக்கு எடுத்தா கடை பூராப் பச்சையாத்தான் கெடக்கும். அஞ்சும் வேணும்.”

அவர்கள் படியிறங்கியதும் என் கணவர் அந்த நாற்காலியையே பார்த்துக்கொண்டு நின்றார். ஐந்து கவசங்கள் விற்றதற்கான மகிழ்ச்சி என்றே நான் எண்ணினேன். எங்கள் வீட்டுமொழியான சௌராஷ்டிரத்தில் அவர் என் காதருகே சொன்னது வேறு: பத்து நிமிடமும் அந்தம்மாள் இந்த நாற்காலியில் இல்லை, மெய்யாகவே கடையில்தான் இருந்திருக்கிறாராம்.