மலைக்கு வரி

அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயரில் ஜன்னல் வழியே தெரியும் மலைக்கும் வீட்டு வரி உண்டு. ஊரில் எல்லா வீடுகளையும் புதிதாக மதிப்பிட்டபோது, ஓடெட்டின் பழைய மரவீட்டைவிட அதன் ஜன்னலில் தெரிந்த மலைக்கு அதிக மதிப்புப் போட்டுவிட்டார்கள். கணவரின் ஓய்வூதியத்தில் காலம் தள்ளுகிறவள் அவள். வரியைக் குறைக்காவிட்டால் வீட்டை விற்பதைத் தவிர வழியில்லை.

பின்னால் மேட்டில் இருந்த மேல்வீட்டு ரஸ்ஸலுக்கும் அதே மலைதான், அதே வரிதான். ஆனால் அவனுக்கு மலை தெரிந்ததே ஓடெட்டால். அவள் வீட்டுக்குப் பின்னால், அவளுடைய நிலத்தில், பைன் மரங்கள் வரிசையாக நின்று அவனுக்கு மலையை மறைத்துக்கொண்டிருந்தன. சாகும்வரை அந்த மலையைப் பார்த்தபடி காபி குடிக்க வேண்டும் என்று அவன் ஒருநாள் கேட்க, வெட்டிக்கொள்ளச் சொல்லிவிட்டாள்.

"நீ மனு கினு எதுவும் போடாத ஓடெட். ரெண்டு பேருக்கும் ஒரே கதைதானே, நானே போய் சேத்துப் பேசிட்டு வந்துடறேன்" என்றான் ரஸ்ஸல். மார்ச் முதல் தேதியோடு மனு போடும் கெடு முடிந்தது. அவள் நிம்மதியாக இருந்தாள்.

ஏப்ரல் கடைசியில் ஒரு சனிக்கிழமை, ஓடெட் ஊர்க் குப்பைக் கிடங்கில் பாட்டில்களைக் கொட்டிக்கொண்டிருந்தபோது, வரி மனுக்களை விசாரிக்கும் ஊர்க்குழுவில் இருக்கும் டோரீன் பக்கத்தில் வந்து நின்றாள்.

"உன் மேல்வீட்டுக்காரன் சரியான ஆளு! மலைய அப்படியே துடைச்சுட்டான்."

"எப்படி?"

"'அது என் மலையே இல்ல, கீழ்வீட்டுக்காரி போட்ட பிச்சை. அவ நிலத்துல நாளைக்கே மரம் வச்சா எனக்குப் போச்சு. அவ மலைய யாராலயும் மறைக்க முடியாது, வேணும்னா அதுக்குப் போடுங்க'ன்னான். வாஸ்தவம்தானேன்னு குறைச்சுட்டோம்."

"என்னைப் பத்தி வேற எதுவும் சொல்லலையா?"

"நீ மனுவே போடலியே, கண்ணு."

"அவனுக்குக் குறைச்ச பணம்?"

"பள்ளிக்கூடத்துக்கும் ரோட்டுக்கும் ஆகுற செலவு அப்படியேதானே இருக்கு? மத்த வீடுங்க மேலதான் ஏறும்." டோரீன் குரலைத் தாழ்த்தினாள். "உனக்கும் கொஞ்சம்."

மே மாதம் ஓடெட் பின்னால் குழி தோண்டிக்கொண்டிருந்தாள். ரஸ்ஸல் காபிக் கோப்பையோடு இறங்கி வந்தான்.

"என்ன, தக்காளியா?"

"பைன்."

சிரித்தான். அவள் சிரிக்கவில்லை.

"ஏய், இது வளந்தா எனக்கு மலை..."

"உனக்கு ஏது மலை? ஊர்க்குழு முன்னாடி நீயே சொன்னியே."

"அது ஒரு பேச்சுக்குச் சொன்னது ஓடெட். நீதான் வீட்டையே விக்கப் போற, உனக்கு எதுக்கு இந்த வேலை?"

"ஆமா, விக்கத்தான் போறேன். வாங்கறவங்க யாரா இருந்தாலும் இந்த மரங்கள வெட்டக் கூடாதுன்னு பத்திரத்துல எழுதச் சொல்லிட்டேன்."

அவன் கையில் காபி ஆறிக்கொண்டிருந்தது. அவள் அடுத்த குழிக்கு நகர்ந்தாள்.